ஈரப் பாறைக்கு எடுத்த சப்பாத்து

கடற்கரை மணலில் நடந்து அகன்றுபோன பாதங்கள் எங்களுடையவை. மலைக்கென்று தனியாகச் சப்பாத்து இருப்பதே நாற்பது வயது வரை எனக்கும் மச்சானுக்கும் தெரியாது. மச்சான் என்றால் என் மனைவியின் காக்கா, அவளுடைய அண்ணன். இருவருக்கும் ஒரே வயது. அவன் கல்முனையில் விஞ்ஞானம் படிப்பித்தான். மலைகளைப் படத்தில் பார்த்தது போதும், ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவன்தான் தொடங்கினான். ஒரு விடுமுறையில் நக்கிள்ஸ் மலைக்குப் புறப்பட்டோம்.

வழியில் கண்டியில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் சிங்களவர். அம்பாறையில் ஏழு வருடம் வேலை செய்ததால் எனக்குச் சிங்களம் ஓடும். மச்சானுக்கு விலை கேட்க மட்டும் தெரியும்.

"எந்த மாதிரி வழி? கல்லா, சேறா, ஆற்றுப் பாறையா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எல்லாம் இருக்காம்" என்றேன்.

எல்லாவற்றுக்கும் ஆகும் சப்பாத்து கிடையாது என்று சிரித்துவிட்டு, மூன்று வகையை எடுத்து வைத்தார். ஒன்று கணுக்காலை மூடும் உயரமான சப்பாத்து. அடி வளைத்தாலும் வளையாது, கூர்க்கல் குத்தாது. இன்னொன்றின் அடியில் ஆழமான பற்கள் இடைவெளி விட்டு இருந்தன, சேறு அப்பாமல் விழுந்துவிடும். மூன்றாவது மங்கிய நிறத்தில், மெத்தென்ற ரப்பர் அடியோடு இருந்தது. சீக்கிரம் தேயும், ஆனால் ஈரப் பாறையைப் பிடித்துக்கொள்ளும்.

மச்சான் அதற்குள் உயரமானதை மாட்டி, கண்ணாடி முன்னால் நின்றான். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அது காய்ந்த கல்லுக்குத்தான். ஈரத்தில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். மேலே மழை. அவரிடம் சொல்லுங்கள்."

"என்ன சொல்றாரு?" என்றான் மச்சான்.

"கணுக்கால் புரளாதாம். கல்லுக்கு நல்லதாம்."

அவ்வளவுதான் சொன்னேன். மெத்தென்ற ரப்பர் வகையில் எங்கள் அளவுக்கு ஒரே சோடிதான் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். அவன் ஆசைப்பட்டதை அவன் எடுத்தான் என்று பிறகு பல மாதம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலை மழை விட்டிருந்தது. வழிகாட்டி முன்னே போய்விட்டார். சாய்ந்த பாறை ஒன்றின் மேல் ஓடை வழிந்துகொண்டிருந்தது. நான் முதலில் கடந்தேன். என் கால் பசை போட்டது போல் நின்றது. திரும்பி நின்று கையை நீட்டினேன்.

"வா மச்சான், பயப்படாத. வழுக்கல்ல."

அவன் இரண்டு அடிதான் வைத்தான். இரண்டு காலும் ஒன்றாகப் பறிந்தன. முதுகு பாறை விளிம்பில் அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. இறங்கிப் போய்த் தலையைத் தூக்கினேன். கண் திறந்திருந்தது.

"காலுக்க தண்ணி போகுதா? ஒண்டும் தெரியல்லையே" என்றான். இரண்டு காலும் ஓடைக்குள் கிடந்தன.

கீழ் ஊரிலிருந்து வந்த ஆறு பேர் இரண்டு கம்பில் சாரத் துணியைக் கட்டி அவனைச் சுமந்தார்கள். பெயர் கூடத் தெரியாத மனிதர்கள். ரோட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே இனி இல்லை என்று டொக்டர் சொன்னார்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்ததும் போவேன். சவரம் செய்துவிடுவேன். படுக்கைப் புண் வராமல் அவன் மனைவியோடு சேர்ந்து புரட்டிப் படுக்க வைப்பேன். "உன்னப் போல ஆரு பார்ப்பாங்க" என்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தாடையில் நுரையோடு இருக்கும்போது, கடைக்காரர் சொன்னது முழுவதையும் சொன்னேன். நான் போட்டிருந்தது எது என்றும் சொன்னேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு சோடிதான் இரிந்திச்சா?"

"ஓம்."

"நான் கேட்டிருந்தா தந்திருப்பியா?"

நான் சவரக் கத்தியைத் தண்ணீரில் கழுவினேன். அவன் துவாயை இழுத்து நுரையைத் தானே துடைத்தான். பாதி முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"இவளுக்குச் சொல்லாத. உன்ட பொண்டாட்டிக்கும் சொல்லாத. இனி நீ வராத, மச்சான்."

மனைவிக்கு இன்று வரை காரணம் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் கேற்றில் இறக்கிவிடுகிறேன். உள்ளே வரச் சொல்லி அவன் மனைவி கூப்பிடுவாள். வேலை இருக்கிறது என்பேன்.