வட்டியில்லாத வாஷிங் மெஷின்

மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். மாத்திரை அட்டையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைக் கண்ணாடி போடாமலேயே படித்துவிடுவாள். கடை முதலாளி அவளுக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

வீட்டு வாஷிங் மெஷின் பழுதான அதே வாரம் கணவருக்கு மணிக்கட்டு முறிந்தது. துவைப்பது முழுக்க அவள் தலையில் விழுந்தது. கணவரின் தம்பி, பள்ளி வேன் ஓட்டுபவன், இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பனாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவன் வீட்டிலும் துணி மலைபோல் குவிந்து கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் கொழுந்தனும் ஆளுக்கொரு மெஷின் வாங்கச் சேர்ந்தே கடைக்குப் போனார்கள்.

"முப்பத்தாறாயிரம். இன்னைக்கு ஒரு பைசா தர வேண்டாம். பன்னிரண்டு மாசம், வட்டியே கிடையாது" என்றான் விற்பனையாளன்.

"ரொக்கமா கொடுத்தா?" என்று கேட்டாள் அவள்.

"ஆயிரம் குறைச்சுத் தரலாம்மா."

"அப்ப அந்த ஆயிரம் என்ன?"

அவன் சிரித்துச் சமாளித்தான். அவளிடம் பாதிப் பணம்தான் இருந்தது. வேறு வழியில்லை. ஒப்பந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு, கடையிலிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். கொழுந்தன் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

மாதத் தவணை இரண்டாயிரத்து ஐந்நூறு என்று இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு மாதம் கட்டினால் முப்பதாயிரம். மிச்சம் ஆறாயிரம்? மூன்றாம் பக்கத்தின் அடியில் பதில் இருந்தது. குறித்த தேதிக்குள் ஒரு ரூபாய் பாக்கி நின்றாலும், வாங்கிய நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வருடத்துக்கு நூற்றுக்கு இருபத்துநான்கு வட்டி.

"தம்பி, இது குறைஞ்சபட்சத் தவணை. இதைக் கட்டினா கடன் தீராது. நாம மாசம் மூவாயிரம் கட்டணும்."

"அண்ணி, கம்பெனிக்காரன் கணக்குத் தெரியாமலா போட்டிருப்பான்?"

"தெரிஞ்சுதான் போட்டிருக்கான்."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைச் செலவுக்கு நடுவில் மாதம் ஐந்நூறு மிச்சமாவது அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அவள் மாதம் தவறாமல் மூவாயிரம் கட்டினாள். 'தொகை பெறப்பட்டது' என்று மட்டும் செய்தி வரும், பாக்கி எவ்வளவு என்று வராது. அது அவளை உறுத்தியது. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, கடைசி மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு கடன் கம்பெனி அலுவலகத்துக்கே போனாள்.

"கணக்கை முடிச்சு, பாக்கி இல்லைன்னு ஒரு கடிதம் கொடுங்க."

கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "நாலாயிரத்து நானூற்று நாற்பது வருதும்மா."

"எப்படி?"

"பொருள் பாதுகாப்புத் திட்டம். மாசம் நூற்றிருபது."

"நான் கேட்கவே இல்லையே."

படிவத்தைத் திருப்பிக் காட்டினாள் அந்தப் பெண். கட்டத்துக்குள் டிக் அடித்திருந்தது. பேனா மையில்லை, படிவத்தோடு சேர்த்தே அச்சான டிக். எழுத்தையெல்லாம் படித்தவள் அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததையும் சேர்த்து முழுத் தொகையையும் கட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள்.

"பன்னிரண்டு தவணை கட்டியும் உன் பாக்கி ஏழாயிரத்து நானூற்று நாற்பது, தம்பி. ஒன்பது நாள்தான் இருக்கு."

"நீங்க எதைத்தான் நம்பியிருக்கீங்க, அண்ணி?"

அவன் மனைவி ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே கம்பெனிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் இருந்தவன் சலுகை, புதுக் கடன் என்று என்னென்னவோ பேசினான். அவள் விடவில்லை. "அந்தத் தேதிக்குள்ள கட்டலைன்னா எவ்வளவு ஏறும்? அதை மட்டும் சொல்லுங்க" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவைதான் பதில் வந்தது. "எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது."

ஸ்பீக்கரில் அதைக் கொழுந்தனும் கேட்டான். அடுத்த நாள் வேன் முதலாளியிடம் முன்பணம் கேட்டான். அவர் ஐந்தாயிரம்தான் கொடுத்தார். மிச்சத்தைப் பூதக்கண்ணாடி கொடுத்தாள். கெடுவுக்கு முந்தின நாள் இருவரும் கம்பெனி அலுவலகத்துக்கே போய்ப் பணம் கட்டியாயிற்று. வெளியே வந்ததும் அவன் மெல்லக் கேட்டான்.

"கடிதம் வாங்கணுமா, அண்ணி?"

"வாங்காம இங்கிருந்து நகராதே."

பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி அவள் எழுத்துமூலம் புகார் கொடுத்தாள், படிவத்தின் நகலோடு. இரண்டு மாதம் கழித்து, ஆயிரத்து நானூற்று நாற்பது திருப்பித் தரப்பட்டதாக போனுக்குச் செய்தி வந்தது. அதன் கீழே ஒரு இணைப்பு இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் வரவு அடித்துப் பார்த்தாள். பணம் வந்திருந்தது.

கொழுந்தன் தன் படிவத்தை என்றைக்கோ தொலைத்திருந்தான். அவனுக்கும் அவளே உட்கார்ந்து ஒரு புகார் எழுதினாள். அதற்குக் கம்பெனியிலிருந்து இதுவரை பதில் இல்லை.