பென்சிலில் எழுதிய மறுப்பு

என் அத்திம்பேர் அனந்தகிருஷ்ணனைப் போலத் தொழில் தெரிந்தவர் கல்கத்தாவில் குறைவு. அவரைப் போல வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டவரும் குறைவு. அங்கேயே லேக் கார்டன்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். படகுகளைப் பராமரிக்கிற ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் உழைத்தார். அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தே படகு எத்தனை மாதம் தண்ணீரில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். மேலதிகாரியை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை என்று பெருமை வேறு அடித்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருஷத்துக்கு முன், ஆற்று முகத்துவாரத்தில் நிறுத்தி வைக்க ஒரு மீட்புப் படகு வந்தது. யாருக்காவது ஆபத்து என்றால்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் கட்டியே கிடக்கும். உப்புத் தண்ணீரில் அப்படிக் கிடந்தால் அடியில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு வேகம் போய்விடும். அதைத் தடுக்க எந்தப் பெயிண்ட் அடிப்பது என்று அத்திம்பேரிடம் ஃபைல் வந்தது.

மேலதிகாரி நரேன் பாபு ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். பெரிய கப்பல்களுக்கு அடிக்கிற பெயிண்டாம். ஓட ஓடத் தேய்ந்து புதிதாகிக்கொண்டே இருக்குமாம். ஐந்து வருஷத்துக்குப் படகைக் கரையேற்றவே வேண்டாமாம். ஓடாத படகில் அது எப்படித் தேயும்? செம்பு நிறையச் சேர்ந்த கெட்டிப் பெயிண்ட்தான் நின்ற இடத்திலும் வேலை செய்யும். வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதெல்லாம் அத்திம்பேருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவர் என்ன செய்தார் தெரியுமா? 'கட்டிக் கிடக்கும் படகுக்கு இது உதவாது' என்று ஃபைல் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். அந்த அலுவலகத்தில் மேலே இருப்பவருக்குப் பிடிக்காததைப் பென்சிலில் எழுதுவதுதான் மரியாதை. வேண்டாமென்றால் அவர் அழித்துக்கொள்ளலாம். நரேன் பாபு அழித்து அனுப்பினார். அத்திம்பேர் 'சிபாரிசு செய்கிறேன்' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பேனாவாலயே முதல்ல எழுதியிருக்கப்படாதோ?" என்று அன்றைக்கே கேட்டாள் என் அக்கா பாகீரதி.

"அவரை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்டி. என் கடமைக்குச் சொல்லிட்டேன்."

போன வருஷம் துர்கா பூஜைக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், முகத்துவாரத்தில் ஒரு பயணிகள் படகு கவிழ்ந்தது. இருபது நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டிய மீட்புப் படகு ஐம்பது நிமிஷம் தவழ்ந்தது. நாலு பேர் போய்விட்டார்கள். அப்புறம் கரையேற்றிப் பார்த்தால், அடியில் கைவைக்க இடமில்லாமல் சிப்பி.

விசாரணையில் ஃபைலைப் பிரித்தார்கள். அத்திம்பேர் தன் பென்சில் குறிப்பைப் பற்றிச் சொன்னார். காகிதத்தில் அதன் தடம்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நரேன் பாபு, மனம் நொந்தவர் போல, அண்ணன் முறை வைத்து, வங்காள மொழியில் சொன்னாராம்: "அனந்த்-தா, உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

இதை வீட்டில் வந்து சொல்லி அவர் குழந்தை மாதிரி அழுதார். கேட்ட எனக்கு அந்த ஆளைக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அக்கா ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துகூட வரவில்லை.

"நரேன் பாபுவுக்கு மரியாதை பண்ணினேள். சரி. அந்த நாலு பேருக்கு என்ன பண்ணினேள்?" என்றாள்.