வெள்ளைக்கல் குழி மேஸ்திரிக்குக் கல் தெரியாது

குழியில் என்னோடு கல் உடைத்தவர்களே, என் எழுத்து மேலும் கீழுமாக ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலை நரைத்த பிறகு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் ஞாயிறுதோறும் போய்க் கற்ற எழுத்து இது. ஒரு வரி முடிவதற்குள் ஒரு வாய் வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் எழுத எழுத எனக்குச் சிரிப்பாக வருகிறது, அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை அலவத்துகொடையிலிருந்து துணி விற்க வரும் காசிம் நானா மூட்டையோடு வந்தார். "உங்க வெள்ளைக்கல் குழி மேஸ்திரி மௌத்தாப் போயிட்டார். கல்லு தெரிஞ்ச மனிசன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார். அவரிடம் வேலை செய்த உங்களில் சிலரும் அப்படிச் சொல்கிறீர்களாம். செத்தவரைப் பற்றி உள்ளதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

குழி உங்களுக்கு நினைவிருக்கும். கருங்கல்லுக்கு நடுவே, சாய்த்து வைத்த பலகை போல வெள்ளைக்கல் மண்ணுக்குள் இறங்கிப் போகும். உடைத்தால் சீனி போல மின்னும். இடையிடையே பச்சைப் புள்ளி இருக்கும். முன்பெல்லாம் தோட்டத்துக் கோப்பிக் கொட்டை வைக்கும் ஸ்டோர் கட்டச் சுண்ணாம்பு கடற்கரையிலிருந்து மாட்டு வண்டியில் கடுகண்ணாவைக் கணவாய் ஏறி வரவேண்டும். அந்தக் கஷ்டத்தைத் தவிர்க்கத்தான் தோட்டத்துத் துரை குழியைத் திறந்தார்.

மேஸ்திரி எப்போதும் மடியில் எலுமிச்சம்பழத்தோடு திரிவார். கல்லில் பிழிந்தால் நுரைக்க வேண்டும், அதுதான் சுண்ணாம்புக் கல் என்பார். நுரைக்காத கல்லைப் பள்ளத்தில் தள்ளச் சொல்வார். எங்கள் கல்லோ சோம்பேறிக் கல். தூளாக்கினால்தான் நுரைக்கும். என் தம்பி வேலன் அதைக் கண்டுபிடித்தான்.

"இடிச்சுத் தூளாக்கிப் பிழிஞ்சு பாருங்க மேஸ்திரி."

"நீ எனக்குக் கல்லு காட்டுறியா? ஆடு மேச்சவன் மகன்தானடா நீ."

ஒரு மாதம் நல்ல கல்லைப் பள்ளத்தில் கொட்டினோம். சுண்ணாம்புச் சூளை காலியாகக் கிடக்கிறதென்று துரை சத்தம் போட்டார். உடனே மேஸ்திரி, கருங்கல்லுக்கு அடியில் நுரைத்த ஒரு கீற்றைக் காட்டி, அங்கே குடையச் சொன்னார்.

"பாறை தொங்குது மேஸ்திரி. ஆடு கூட மேல பாத்துத்தான் படுக்கும்," என்றான் வேலன்.

"பயமா இருந்தா பொம்பளைங்களோட கோப்பிப் பழம் பறிக்கப் போ."

வேலன் குடைந்தான். மழை விட்ட மறுநாள் பாறை அவன் இடுப்பில் இறங்கியது.

துரை வந்து விசாரித்தார். "நான் வேணாம்னேன் துரை. அவனாத்தான் போய்க் குடைஞ்சான்," என்றார் மேஸ்திரி. துரை அதை எழுதிக்கொண்டார். நான் வாயால் சொன்னதை அவர் எழுதவில்லை. பேச்சுக் கேட்காதவன் என்று சொல்லி, இடுப்பொடிந்த வேலனைக் கூலிகளின் லயத்து வீட்டிலிருந்து வெளியே இறக்கினார்கள். கம்பளை ரோட்டில் நான் சுமந்து போகையில், என் முதுகிலேயே அவன் உயிர் போயிற்று.

பிறகு ரயில் வந்தது. கடற்கரைச் சுண்ணாம்பு அதில் வந்து இறங்க, குழியில் வேலை நின்று தண்ணீர் தேங்கியது. "கல்லு செத்துப்போச்சு," என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொன்னார். கோப்பிக்கு இலைநோய் வந்தபோது, அவர் பள்ளத்தில் தள்ளிய கல்லை அடுத்த தோட்டத்தார் அள்ளிச் சுட்டுச் செடிக்குத் தூவினார்கள். பால் போன்ற சுண்ணாம்பு. அவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவரிடம் ஒன்றுதான் எனக்குப் பிடிக்கும். எதைச் சொன்னாலும் தயங்காமல் சொல்வார். அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். குடையச் சொன்னது மேஸ்திரி. வேண்டாம் என்றவன் வேலன். பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.

விரல் வலிக்கிறது. வரும் ஞாயிறு வாத்தியார் இன்னொரு தாள் தருவார். அது முழுவதும் வேலனுக்கு.