அம்மாசியின் பெயர் கொண்ட கெளுத்தி

முக்கொம்பு வேலம்மாளின் வாய்க்கு ஈடு கொடுக்க யாராலும் ஆகாது. அவள் மீன்கூடையை இறக்கினால் பேரம் பேச வந்தவர்களெல்லாம் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட வாயில் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு சொல் மட்டும் வந்ததில்லை. அது புருஷன் பெயர். ஓட்டுப் போடப் போன இடத்தில்கூடப் பக்கத்தில் நின்றவளை விட்டுத்தான் சொல்ல வைத்தாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். திருச்சி காலேஜில் விலங்கியல் வாத்தியாராக இருந்த அற்புதசாமி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். முன்பொரு மழைக்காலத்தில் வேலம்மாளின் புருஷன் அம்மாசியின் வலையில் விழுந்த பொடிக் கெளுத்தியை பாட்டிலில் போட்டு எடுத்துப் போனவர் அவர்.

"அம்மாசி, அது இதுவரைக்கும் யாருமே பேர் வைக்காத மீனுய்யா! லத்தீன்ல உன் பேரையே வச்சுட்டேன். அச்சும் ஆயிடுச்சு."

வேலம்மாளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் பேரை மீனுக்கு வச்சிருக்காங்க" என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அந்தப் பூரிப்பு மறுநாள் காலை வரைக்கும்தான். வலையில் அதே கெளுத்தி வந்தது. அதில் வைக்கிற குழம்பென்றால் அம்மாசிக்கு உயிர். மீனைச் சாம்பலில் புரட்டி அரிவாள்மணைமுன் உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை.

"தாலி கட்டினவர் பேருங்க! நான் வாயால சொல்லக்கூட மாட்டேன். அதோட கழுத்துல அருவாமணை வைக்கவா? என்னால ஆகாது."

அந்த மழைக்காலம் முழுக்க விரால் குழம்புதான். அம்மாசியின் முகம் சுண்டிப்போயிற்று. வாத்தியாரிடமே போய் நின்றான்.

"பேரை எடுத்துடுங்கய்யா."

"அச்சான பேரை வச்ச நானே எடுக்க முடியாதுப்பா. உலகம் பூரா இதான் சட்டம்."

பெருமையும் வேண்டும், குழம்பும் வேண்டும். பாவம், மனுஷன் என்னதான் செய்வான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாள்மணையைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என் பேரை நான் அறுத்தா பாவம் இல்லல்ல?"

வலை வீசுகிற கைக்கு மீன் அறுக்க வரவில்லை. முள்ளை ஒடிக்காமலே அழுத்தினான். மீன் வழுக்க, கட்டைவிரல் நேரே அரிவாளுக்குப் போனது.

"அம்மாசீ! விரலு!"

விரல் தப்பியது. கத்தியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாசிக்கு வாயெல்லாம் பல்.

"இன்னொரு தடவை சொல்லேன்."

"ஆசையப் பாரு! வந்தது வந்துடுச்சு, இனிமே என்ன இருக்கு? நகருங்க."

அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, வெட்கத்தோடேயே மளமளவென்று மீனை அறுத்து முடித்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. அம்மாசி சட்டியை வழித்துச் சாப்பிட்டான்.