வண்டி மேல் குற்றமில்லை

அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் போய்விட்டது. திவசத்துக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரோடு வீடு திரும்பும் உறவினர்கள் பஸ்ஸில் இதைப் புரட்டுவீர்கள் என்று தெரியும். அட்டைப் படத்தோடு மடித்து வைத்துவிடாமல் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டுகிறேன். குடும்பத்தில் எழுதத் தெரிந்தவன் நான்தானாம். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக உட்கார்ந்து 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று எழுதியதுதான் என் இலக்கியம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஹந்தானைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் இறந்தபோது அண்ணனுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் சேர்ந்தார். அவர் கையில் கிரீஸ் ஏறியதால் என் கையில் பேனா தங்கியது. பிறகு பிலிமத்தலாவையில் சொந்தக் கராஜ் போட்டார், அண்ணியைக் கைப்பிடித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் என்னை வைத்துக்கொண்டார்கள். நானும் பெரிதாக வளராமல் ஒத்துழைத்தேன்.

வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் கதையை அண்ணன் நம்பமாட்டார். எஞ்சினில் காதை வைத்து, அது சொல்வதைக் கேட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். என் கதைகளை மட்டும் கடைசிவரை காது கொடுத்துக் கேட்டார். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நீங்கள் எல்லாரும் ஏசுகிற அந்த வண்டி. ஏதோ அணைக்கட்டு வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப்போனது. தோட்டத்துக் களஞ்சியத்துக்குப் பின்னால் கோழி முட்டையிடும் இடமாகக் கிடந்ததை அண்ணன் கேட்டு வாங்கினார். குளிக்கும் தொட்டிக்கு எட்டுச் சக்கரம் பூட்டியது போல இருக்கும். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிகள்தான். இடதை இழுத்தால் இடப்பக்கச் சக்கரங்கள் நிற்கும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். தண்ணீரில் விட்டால் மிதக்கும், சக்கரங்களே துடுப்பு. மழை பெருத்தால் எங்கள் கராஜுக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கு வழி அடைபட்டுவிடும். அந்த வீட்டுக்காரர்களை ஏற்றி இறக்கத்தான் அண்ணன் அதைச் சரிசெய்ய நினைத்தார்.

துருவேறி உக்கிப்போன எஞ்சினைக் கழற்றிவிட்டு த்ரீவீல் எஞ்சினை ஏற்றினார். வெடித்த உடம்பை ஒட்டினார். ஆனால் தொல்லை எல்லாம் ஓட்டைகளில் இருந்தது. சக்கரத்தின் அச்சுகள் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் எட்டு இடங்களிலும் தண்ணீர் நுழையப் பார்க்கும். அவற்றை அடைக்கும் ரப்பர் சீல் எங்கும் கிடைக்கவில்லை. அக்குறணையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும், நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், லொறி சீல்களைத் தேடித்தேடிக் கொடுத்தார். அண்ணன் அவற்றைச் சீவிப் பொருத்தினார்.

செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம் ஒன்று, வயலோரம் குளமாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் பரீட்சை. அண்ணன் ஓட்டுவார். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்து, ஈரம் கண்டால் சொல்ல வேண்டும். படித்தவனுக்கு ஏற்ற உத்தியோகம். சும்மா இருக்கமாட்டாமல், காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, தண்ணி வருது" என்பேன். அவர் பதறி எஞ்சினை நிறுத்தி, இருக்கைக்கடியில் கையை விட்டுத் தடவுவார். நான் சிரிப்பேன். ஒவ்வொரு வாரமும் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் தடவினார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முன் செயின் மாட்டும்போது அண்ணனின் கால் வெட்டுப்பட்டுத் தையல் போட்டிருந்தது. தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அன்றைக்கு அவர் கரையில் நின்றார். நான் மட்டும் ஓட்டிக்கொண்டு போனேன். பெருமழை பெய்து வயல் தண்ணீரெல்லாம் பள்ளத்தில் நிறைந்திருந்தது. நடுவில் நிறுத்தி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னேன்.

அண்ணன் இறங்கிவிட்டார். கட்டுப்போட்ட காலோடு, கழுத்தளவு தண்ணீரில். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வண்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை உள்ளே விட்டு எல்லா இடமும் தடவினார்.

"காஞ்சு கெடக்குடா" என்றார். கோபமே இல்லை. அப்படியே வண்டியைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பத்து நாளில் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்றார்கள். வயல் தண்ணீர் புண்ணில் பட்டால் வருமாம். சிறுநீரகம் நின்றுபோனது. பெரியாஸ்பத்திரியில் இருந்தவர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. அண்ணன் திரும்பி வரவில்லை.

வண்டிக்குள் தண்ணீர் ஏறியதால்தான் அண்ணன் இறங்கினார் என்று நினைத்து, சாவு வீட்டில் எல்லாரும் வண்டியை ஏசினீர்கள். 'அந்தச் சனியன் புடிச்ச தொட்டி' என்று பெரியம்மா சொன்னபோது நானும் தலையாட்டினேன். ஒரு வருடமாக, குழாயடியில் வாளி நிறையும் சத்தம் கேட்டால் யாரோ தண்ணீரை விலக்கிக்கொண்டு என்னிடம் வருவது போல இருக்கிறது. குழாயை மூடினாலும் அந்தச் சத்தம் உடனே நிற்பதில்லை. கராஜ் மூலையில் நிற்கும் வண்டிப் பக்கம் நான் போவதில்லை. ஒருமுறை போய்ப் பார்த்தேன். உள்ளே, தூசியில், ஒரு கை தடவிய தடம் இருந்தது. என் கையாகவும் இருக்கலாம். வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வண்டியை உடைக்கப் பழைய சாமான் வியாபாரியை வரச்சொல்லியிருப்பதாகப் போன வாரம் அண்ணி சொன்னார். செய்யாத குற்றத்துக்கு அது உடைபடப்போகிறது. அதனால்தான் இதை எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் குசினியில் உட்கார்ந்து அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். இதோடு அந்த வீட்டு வாசல் எனக்கு மூடிவிடும் என்று நினைத்தே வாசித்தேன். அண்ணி போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவே இல்லை.

"தெரியும் தம்பி. ஆஸ்பத்திரியிலேயே அவரு சொன்னாரு."

என்ன சொன்னார் என்று நான் கேட்கும் முன் அண்ணியே சொன்னார்.

"'அவன் குரல்லயே சிரிப்பு இருந்துச்சு, பொய்யின்னு தெரியும். ஆனா சீல் நான் போட்டது, அவனுக்கு நீச்சல் தெரியாது. கரையில நின்னு யோசிக்கவா சொல்றே?'ன்னு கேட்டாரு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரு வருஷமாவா அண்ணி?"

"ஒரு வருஷமாத்தான்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வியாபாரிக்குப் போன் எடுத்து, வர வேண்டாம் என்றார். இதை ஒரு வரியும் குறைக்காமல் போடச் சொன்னதும் அவர்தான். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே உறவினர்களே, இனி வண்டியை ஏச வேண்டாம். ஏசியே ஆகவேண்டும் என்றால் நான் இருக்கிறேன். வண்டியைப் போல மூலையில் நிற்காமல், தொலைபேசியிலும் கிடைப்பேன்.

அண்ணனுக்கு இரவு பகலாக வைத்தியம் பார்த்த டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், கராஜைப் பூட்டவிடாமல் பார்த்துக்கொண்ட தொழிலாளர்களுக்கும், சீல் தேடிக் கொடுத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டிருந்த அக்குறணை நானாவுக்கும், சாவு வீட்டுக்கு எட்டு நாளும் சமைத்துக் கொண்டுவந்த கீழ் வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நானா, உங்கள் சீல்கள் ஒரு சொட்டும் உள்ளே விடவில்லை.

அண்ணிக்கு, எல்லாம் தெரிந்துகொண்டே, இந்த ஒரு வருடமும் எனக்குச் சோறு போட்டதற்கு.