மூன்றாம் நபர் பெரியசாமி

மனு எழுதிப் பிழைப்பவர்களுக்கு எழுதுவது பெரிய வேலையே இல்லை, "பதில் வந்துருச்சாங்க?" என்று வாசலில் நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் பெரிய வேலை. ஆசிரியர் உத்தியோகத்துக்குக் கொல்லிமலை ஏறிய கணவரோடு ராசிபுரத்திலிருந்து வந்தவள் நான். செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எல்லா மனுவும் எழுதுவேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டுத் தபால்காரரின் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம கூட்டம்தான். பக்கத்தில் உட்காருங்கள்.

எந்தப் பெரியசாமி?

மலைக்குள்ளேயே, எடப்புளி நாடு என்கிற ஊரிலிருந்து செல்வி வந்தாள். அவள் கணவன் பெரியசாமிக்கு வளைகுடாவில் கம்பி கட்டும் வேலை. படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பார்க்க லீவு போட்டு வந்தவன், விமானம் இறங்கியதும் போன் பண்ணியிருக்கிறான். அத்தோடு சரி. மறுநாள் யாரோ ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டு, பாஸ்போர்ட் சோதனையில் தேடப்படுவோர் பட்டியலோடு அவன் பெயர் பொருந்திவிட்டது, பிடித்து வேறு மாநிலத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார். எந்த மாநிலம், எந்த ஸ்டேஷன், ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஊர் வழக்கு என்று தெரியாமல் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது என்று நாமக்கல் வக்கீலும் கையை விரித்துவிட்டார்.

அவனைப் பிடித்த விமான நிலையப் போலீஸ் அலுவலகத்திடமே கைது ஆவணங்களின் நகல் கேட்டு எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் பெயரோடு வாசித்துக் காட்டியபோது, ஆதார் நகல் எடுக்க நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் பெரியசாமிதான். மலைமேல் கோயில் கொண்ட பெரியசாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைக்காத குடும்பம் இங்கே குறைவு. எனக்குச் சிரிப்பு வந்தது, செல்விக்கு வரவில்லை.

"எங்க பக்கம் பெரியசாமின்னு கூப்பிட்டா ஊட்டுக்கு ஒருத்தர் திரும்புவாங்க அக்கா. அவங்க எந்தப் பெரியசாமியைத் தேடுனாங்கன்னு மொதல்ல கேட்டு எழுதுங்க."

அவசரம்

ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தர வேண்டும் என்பது சட்டம். அதை மனுவின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டேன். இணையத்தில் அனுப்பலாம் என்றால் மழைக்குச் சிக்னல் செத்துக் கிடந்தது. தபால் ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் தெற்குச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்த ஜெபராஜ் சார். நல்ல மனிதர். அவரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவில் பாறை சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது.

"ரெண்டு நாள்ல பதில் சொல்லணும்னு சட்டம் இருக்கு மேடம், சந்தோஷம். உங்க கேள்வி மலையை விட்டு இறங்கவே ரெண்டு நாளாகுமே!"

ஒப்புதல்

பதில் வந்தது. இரண்டு நாளில் இல்லை. செல்வி என் கடைக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்த பிறகு வந்தது. கோரப்பட்ட விவரங்கள் மூன்றாம் நபர் ஒருவரைப் பற்றியவை, அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதலை இணைத்தால் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. தாலி கட்டினவன் மூன்றாம் நபராம்! எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். மேல்முறையீட்டுக்கு வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன். செல்வியிடம் இதை எப்படிச் சொல்வது என்று சுற்றி வளைத்தேன். அவள் சட்டென்று புரிந்துகொண்டாள்.

"கையெழுத்துப் போட ஆளு கைக்குக் கெடைச்சா, நான் எதுக்குங்க அவங்களுக்குக் கடுதாசி போடறேன்?"

பாய் சொன்னது

மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து மலையேறும் பாய் ஒருவர் கடைக்கு வருவார். அன்று நான் மேல்முறையீடு தட்டச்சு செய்வதை நின்று வாசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் தம்பிக்கும் இதே கதைதானாம். தேடப்படும் யாரோ ஒருவனுடைய பெயர் தம்பிக்கும் இருந்து தொலைத்ததால், விமானம் ஏறப் போகும் ஒவ்வொரு முறையும் தனி அறை, ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். மனு எதுவும் போடவில்லையா என்று கேட்டேன். போட்டுப் போட்டு ஓய்ந்தாயிற்று என்றார்.

"இப்பெல்லாம் தம்பி பிளைட்டுக்கு மொத நாளே போயிருவான்மா. விசாரிச்சு முடிக்க அவங்களுக்கும் நேரம் வேணுமில்ல?"

கேள்வி கேட்கக் கூடாது

மேல்முறையீட்டில் தகப்பனின் கைநாட்டும் இருந்தால் கொஞ்சம் பலமாக இருக்குமே என்று எடப்புளி நாட்டுக்குப் போனேன். மரவள்ளிக் காட்டை ஒட்டிய வீட்டில் கிழவர் சுருண்டு படுத்திருந்தார். மையைத் தடவிக் கட்டை விரலைப் பிடித்தபோது அதில் சூடே இல்லை. வேறு ஏதாவது சேர்த்து எழுத வேண்டுமா என்று கேட்டேன். இந்தச் சட்டத்தில் ஏன், எப்படி என்றெல்லாம் கேட்கக் கூடாது; இருக்கும் ஆவணத்தின் நகலைத்தான் கேட்கலாம். அவர் சொன்னதைக் கேட்டபின் கடைக்கு வந்து, 'காவலில் இருந்தவருக்கு உணவு வழங்கிய பதிவேட்டின் நகல்' என்று ஒரு வரி சேர்த்தேன். சேர்க்கும்போது அழுதுவிட்டேன்.

"உட்ருங்கன்னு எழுதாத சாமி, அது அவங்க பாடு. பையன் சோறு தின்னானான்னு மட்டும் கேட்டு எழுது."

அந்த மாதமே கிழவர் போய்விட்டார். மூத்தவன் பெரியசாமி இல்லாமல் இளையவன்தான் குழிக்கு மண் தள்ளினான்.

முதல் நபர்

மேல்முறையீட்டுக்குப் பதிலே வரவில்லை, அதற்கப்புறம் பெரியசாமிதான் வந்தான். கைரேகை ஒத்துப்போகவில்லை, தேடியது வேறு ஆளை என்று ஒரு நாள் காலையில் வெளியே அனுப்பிவிட்டார்களாம். போ என்றார்களே தவிர, ஒரு துண்டுச் சீட்டுத் தரவில்லை. பஸ் மாறி மாறி மலைக்கு வந்தால், தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்புப் பண்ணாதவனை அரசாங்கம் பிடிக்குமா, உன்னால்தான் அப்பா மனசு விட்டுச் செத்தார் என்று ஊர் நடுவில் கேட்டுவிட்டான். சொந்தக்காரர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் தவறுதலாகப் பிடித்தோம் என்று ஒரு வரி, ஒரு முத்திரை இருந்தால் போதும், தம்பி கையில் கொடுத்துவிடுவேன் என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

இந்த முறை மூன்றாம் நபரே முதல் நபராகக் கையெழுத்துப் போட்டான். இனி எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்று நானும் தைரியமாக இருந்தேன். பதில் வந்த அன்று செல்வியும் கூட இருந்தாள். நான்தான் வாசித்தேன். தாங்கள் குறிப்பிடும் காலத்தில், தாங்கள் குறிப்பிடும் பெயரில், இந்த அலுவலகப் பதிவுகளின்படி கைது ஏதும் செய்யப்படவில்லை. அவ்வளவுதான். அன்றைக்கு ஒப்புதல் கேட்ட அதே அலுவலகம்தான். பெரியசாமி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தம்பியிடம் இதை எப்படிக் காட்டுவான்? செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டான்.

"அப்படின்னா, எங்கப்பன் சாவறப்ப நான் எங்கதாங்க அக்கா இருந்தேன்?"

நடக்கவே இல்லை என்று அரசாங்கம் சொல்லும் பதிலையும், பதிவுத் தபாலில் வந்தால், நாம் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.