மாவிளக்கு பிசைந்த கை

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அம்மன் திருவிழாவுக்கு மாவிளக்கு மாவு பிசைவது நான்தான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல்யாணம் முடித்து வந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். பச்சரிசி மாவில் சக்கரை சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி வைத்து, நெய்யூற்றித் திரி போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். பூசை முடிந்ததும் அந்த மாவைப் பிட்டு எல்லோருக்கும் கொடுப்பார்கள். கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்கென்று மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

போன வருசத் திருவிழா முடிந்து மழை பிடித்ததும் என் முழங்கையும் புறங்கையும் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர ஆரம்பித்தது. அறுபத்தேழு வயதில் புதிதாக ஒரு வியாதி. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் விலகி எனக்கு வழி விட்டார்கள். வயதுக்குக் கொடுக்கிற மரியாதையா, ஒதுங்கி நிற்கிறார்களா? யாரிடம் கேட்பது.

மகன் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். தோல் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் விழுங்கும் பிரஷர் மாத்திரை வரை எல்லாவற்றையும் விசாரித்தார்.

"இது சொரியாசிஸ் அம்மா. ஒருத்தருக்கும் தொத்தாது. முழுசா மாறாது, ஆனா அடக்கி வச்சிருக்கலாம். வயசுபோன தோல் மெல்லிசு, இந்தக் கிறீமைக் கனக்கப் பூசாதேங்கோ" என்றார்.

குளித்த ஈரம் காய்வதற்குள் தடவ வேறொரு களிம்பும் கொடுத்தார். கடைத்தெருவில் விற்கிற பேர் தெரியாத எண்ணெய் எதையும் தொடக் கூடாதாம். எல்லாம் சரி. ஆனால் கையுறை போட்டுக்கொண்டுதான் என் கையைப் பிடித்துப் பார்த்தார். தொத்தாதென்றால் கையுறை எதற்கு? பஸ்ஸில் மகனிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் போடுறதுதாம்மா" என்றான்.

எனக்கு முன்னால் போனவருக்கும் போட்டாரா என்று இவன் எட்டிப் பார்த்தானா என்ன.

அதன்பிறகு மருமகள் என் துணிகளைத் தனியாக ஊறவைக்கத் தொடங்கினாள். ஏன் என்றதற்கு, "மருந்துப் பிசுக்கு போகணும்ல அத்தை" என்றாள். பதிலைத் தயாராக வைத்திருந்தாள் போலிருந்தது.

மருந்து கேட்டது. செதில் அடங்கிச் சிவப்பு மட்டும் நின்றது. திருவிழாவும் வந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, குளிரைப் பற்றி வளவளவென்று பேசிவிட்டு மெல்ல விசயத்துக்கு வந்தாள்.

"இந்த வருசம் நீங்க செரமப்படாதீங்க அக்கா. மாவ நாங்க பெசஞ்சிக்கிறோம்."

"எனக்கென்ன செரமம்?"

"வயசாயிருச்சில்ல."

"போன வருசம் வயசாகலையா?"

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து மருமகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அத்தைதான் பெசைவாங்க" என்றாள். வந்தவள் எழுந்து போய்விட்டாள். இவள் எதற்குத் திடீரென்று என் பக்கம் பேசுகிறாள் என்று அதையும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நகம் வெட்டி, முழங்கை வரை கழுவி, நானே பிசைந்தேன். பூசை முடிந்து மாவைப் பிட்டுக் கொடுத்தார்கள். நான் கோயில் தூணோரம் நின்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள், கண்ணில் ஒற்றினார்கள், முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஒருத்தரும் வாயில் போடவில்லை.

வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு என்று முடிந்துகொண்டு போவதும் உண்டுதான். முன்பெல்லாம் எத்தனை பேர் அங்கேயே நின்று தின்றார்கள்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இத்தனை வருசத்தில் நான் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை.

மருமகள் என் எதிரே வந்து நின்று, தன் பங்கில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள்.

"சக்கரை சரியா இருக்கு அத்தை" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டிருக்காவிட்டாலும் தின்றிருப்பாயா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஆமாம் என்றுதான் சொல்லுவாள். நான் நம்பமாட்டேன்.